கவசத்திலிருந்து கடல் தரை வரை: எரிமலைப் பாறைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் நிலவியல் பாடம் எடுப்பவள். கல்லூரி மாணவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், எரிமலை வீடியோவை ஃபார்வர்டு செய்துவிட்டு "இது நிஜமா?" என்று கேட்கும் உறவினர்கள் என்று யார் வந்தாலும், சந்தேகங்கள் சுற்றிச் சுற்றி ஒன்றாகத்தான் இருக்கின்றன. அதனால் கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்துவிட்டேன். வரிசையாகப் படித்தால் நல்லது. அவசரமாக இருப்பவர்கள் 4-ஆம் கேள்வியை மட்டுமாவது தாண்டாமல் போகவும். பின்னால் வரும் பாதிப் பதில்கள் அதை நம்பித்தான் நிற்கின்றன.

1. பூமிக்குள்ள எல்லாமே லாவாதானே மேடம்? நாம அதுமேல மிதக்கிற ஓட்டுலதானே இருக்கோம்?

இல்லை. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசம் கெட்டியான பாறை. பாடப்புத்தகப் படங்களில் அதற்குச் சிவப்பும் ஆரஞ்சும் அடித்து வைத்திருப்பதால் வந்த வினை இது. நிலநடுக்க அலைகளில் குறுக்கலைகள் என்று ஒரு வகை உண்டு. அவை திரவத்துக்குள் போகவே போகாது. ஆனால் கவசத்துக்குள் தாராளமாகப் போய் வருகின்றன. கவசத்துக்குக் கீழே உள்ள புறக்கருவத்தை எட்டியதும்தான் நின்றுவிடுகின்றன. புறக்கருவம் உண்மையிலேயே உருகிய இரும்பு. எரிமலையில் வரும் லாவா அங்கிருந்து வருவதில்லை.

கவசத்தில் உருகிய பகுதி என்பது விதிவிலக்கு. சில இடங்களில், சில காரணங்களால், கொஞ்சமே கொஞ்சம் உருகுகிறது. அந்தக் கொஞ்சத்திலிருந்துதான் உலகின் கடல் தரை முழுவதும் வந்தது.

2. கெட்டியான பாறைன்னா எப்படி நகரும்? கவசத்துல சுழற்சி நடக்குதுன்னு வேற படிக்கிறோமே?

இமயமலைப் பனியாறுகள் கெட்டியான பனிக்கட்டிதான். ஆனாலும் சரிவில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கின்றன. கவசப் பாறையும் அப்படித்தான்: ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது அதன் படிகங்கள் உடையாமலே வடிவம் மாறிக்கொடுக்கும். வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். சுத்தியலால் அடித்தால் உடையும் அதே பொருள், லட்சக்கணக்கான ஆண்டுகள் அழுத்தினால் நகரும். கால அளவுதான் வித்தியாசம்.

3. கவசத்துல என்ன கல்லு இருக்கு? யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா?

மேல்கவசத்தில் இருப்பது பெரிடோடைட் என்ற பாறை. பாதிக்கு மேல் ஒலிவின் என்ற பச்சைக் கனிமம். மீதி பெரும்பாலும் பைராக்சின்கள். ஒலிவின் தெளிவாகக் கிடைத்தால் அதைத்தான் நகைக்கடையில் பெரிடாட் என்று விற்கிறார்கள். ஆக, கவசம் சிவப்பல்ல, பச்சை.

பார்த்திருக்கிறோம், கையிலும் எடுத்திருக்கிறோம். மாக்மா என்றால் பூமிக்குள் இருக்கும் உருகிய பாறை; வெளியே வழிந்தால் அதுவே லாவா. வேகமாக மேலேறும் சில மாக்மாக்கள் வழியில் கவசத்துண்டுகளைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். லாவா உறைந்து உண்டாகும் பசால்ட் என்ற கறுத்த பாறைக்குள் பச்சைத் திட்டாக அவை தெரியும். செங்கடலில் உள்ள ஜபர்கத் தீவில் கவசப் பாறையே கடலுக்கு மேலே நிற்கிறது. பழங்காலப் பெரிடாட் கற்கள் அங்கேதான் தோண்டப்பட்டன. ஓமனில் மலைமலையாக இருக்கிறது. மஸ்கட்டில் வேலை பார்ப்பவர்கள் ஊரைச் சுற்றி மரம் மட்டை இல்லாமல் பழுப்பாகக் கூர்கூராக நிற்கும் குன்றுகளைத் தினமும் பார்க்கிறார்கள். வெயிலும் காற்றும் பட்டு நிறம் மாறிய பெரிடோடைட்தான் அது. நம் பக்கத்தில் இதற்கு நெருங்கிய சொந்தம் சேலத்தில் இருக்கிறது. மேக்னசைட் ஜங்ஷன் ரயில் நிலையத்தை ஒட்டிய வெள்ளைக்கல் குன்றுகளில், அந்த வெள்ளை நரம்புகள் ஓடும் பாறை டியூனைட்; அதாவது கிட்டத்தட்ட முழுக்க ஒலிவின்.

4. அவ்வளவு சூட்டுலயும் உருகாம இருக்குன்னா, அப்புறம் எப்படித்தான் உருகுது? இன்னும் சூடாகுதா?

இதுதான் முக்கியமான கேள்வி. விடை: சூடு ஏறுவதால் அல்ல, அழுத்தம் குறைவதால்.

பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடி போட்டிருக்கும்போது உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். அழுத்தத்தைத் திடீரென்று எடுத்தால், அடுப்பை அணைத்திருந்தாலும்கூட, குபீரென்று கொதிக்கும். பாறை உருகுவதும் இதே கணக்கு. உலர்ந்த பெரிடோடைட் தரைமட்ட அழுத்தத்தில் சுமார் 1,100 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். 100 கி.மீ. ஆழத்தில் அதற்கு 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் அங்கே இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 1,350 டிகிரிதான். அதனால் உருகாமல் இருக்கிறது.

இப்போது இரண்டு புவித்தட்டுகள் விலகும் இடத்தில், அந்த இடைவெளியை நிரப்பக் கீழிருந்து கவசம் மேலேறுகிறது. ஏறும்போது பாறை கொஞ்சம் குளிரும், ஆனால் கிலோமீட்டருக்கு அரை டிகிரி அளவுக்குத்தான். அதே ஒரு கிலோமீட்டரில் அதன் உருகுநிலையோ மூன்று நான்கு டிகிரி இறங்கிவிடுகிறது. ஏறிக்கொண்டே வந்தால் 60, 70 கி.மீ. ஆழத்தில் பாறையின் வெப்பமும் அதன் உருகுநிலையும் சந்திக்கும். அங்கே உருகல் தொடங்குகிறது. யாரும் அடுப்பு மூட்டவில்லை; பாறை தன் சொந்தச் சூட்டிலேயே உருகுகிறது. உருக வைக்க இன்னொரு வழியும் உண்டு, அது தண்ணீர். அதை 12-ஆம் கேள்வியில் பார்ப்போம்.

5. அப்போ பெரிடோடைட் உருகினா பெரிடோடைட் லாவாதானே வரணும்? பசால்ட் எப்படி வருது?

முழுசாக உருகினால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் உருகுவது பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் ஐந்தில் ஒரு பங்கு. பாறைக்குள் இருக்கும் எல்லாக் கனிமமும் ஒரே சூட்டில் இளகாது. கால்சியமும் அலுமினியமும் கூடுதலாக உள்ள கனிமங்கள் முதலில் போகும். மக்னீசியம் மிகுந்த ஒலிவின் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

அதனால் பிரிந்து வரும் உருகலின் சேர்க்கையே வேறு. பெரிடோடைட்டில் சிலிகா 45 சதவீதம், மக்னீசியம் ஆக்சைடு 38 சதவீதம் போல இருக்கும். அதிலிருந்து வரும் பசால்ட்டில் சிலிகா ஏறத்தாழ 50, மக்னீசியம் ஆக்சைடு 8 சதவீதத்தை ஒட்டி. கீழே தங்கிவிடும் மிச்சப் பாறையில் ஒலிவின் இன்னும் கூடியிருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு, மாணவர்களுக்கு இது பிடிக்கும்: உருகும் பகுதியின் உயரம் சுமார் 60 கி.மீ., சராசரியாக உருகுவது 10 சதவீதம். கிடைப்பது 6 கி.மீ. கடலடி மேலோட்டின் தடிமன் உலகம் முழுக்கப் பெரும்பாலான இடங்களில் 6-லிருந்து 7 கி.மீ. தான்.

6. உருகினது எல்லாம் சேர்ந்து கீழ ஒரு பெரிய மாக்மா ஏரியா இருக்குமா?

அப்படி ஒரு ஏரியைத் தேடித்தான் ஆராய்ச்சிக் கப்பல்கள் பல ஆண்டுகள் கிழக்குப் பசிபிக் மலைத்தொடரை (தட்டுகள் விலகும் இடத்தில் கடலடியில் ஓடும் மலை வரிசை) சுற்றி வந்தன. கிடைத்தது மெல்லிய ஒரு வில்லை. கடல் தரைக்குக் கீழே ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு கிலோமீட்டர் அளவு அகலத்தில், சில பத்து மீட்டர் கனத்தில் உருகிய மாக்மா. அதைச் சுற்றியும் கீழும் இருப்பது படிகங்களும் உருகலும் கலந்த குழைவான கலவை, பெரும்பகுதி படிகம்தான். மெதுவாக விரியும் இடங்களில் அந்த வில்லைகூட நிரந்தரமாக இருப்பதில்லை.

அதற்கும் கீழே, உருகல் முதலில் பிறக்கும் ஆழத்தில், அது படிக மணிகளின் விளிம்புகளில் மெல்லிய இழைகளாகத்தான் இருக்கும். பாறையைவிட எடை குறைவு என்பதால் மேல்நோக்கிக் கசியும், போகிற வழியில் சில கனிமங்களைக் கரைத்துத் தனக்கென்று பாதை அமைத்துக்கொள்ளும். ஓமன் மலைகளில் பெரிடோடைட்டுக்குள் பட்டை பட்டையாக டியூனைட் ஓடுவதைப் பார்க்கலாம். மாக்மா போன பாதைகள் அவைதான்.

7. கடலடி மேலோட்டுல என்னென்ன அடுக்கு இருக்கு? எக்ஸாம்ல 'சிமா'ன்னு எழுதினா போதாதா?

ஒரு மதிப்பெண் கேள்விக்குப் போதும். சிலிகாவும் மக்னீசியமும் சேர்ந்தது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

மேலிருந்து இறங்கினால் முதலில் சேறும் நுண்ணுயிர் ஓடுகளும் படிந்த படிவு. அதன் கீழே தலையணை லாவா: குளிர்ந்த கடல்நீரில் பிதுங்கி வந்த பசால்ட், உருண்டை உருண்டையாக, கண்ணாடித் தோலோடு. அதற்குக் கீழே ஒரு கிலோமீட்டர் அளவுக்கு டைக்குகள். தட்டு விலகும் ஒவ்வொரு முறையும் விரிசலில் மாக்மா ஏறி உறைந்து, ஒன்றை ஒட்டி ஒன்றாகச் செங்குத்தாக நிற்கும் பலகைகள் இவை. இதில் உள்ள பாறை டோலரைட். அடியில் நான்கைந்து கிலோமீட்டர் காப்ரோ. அதற்குக் கீழே மோஹோ எல்லை, அப்புறம் கவசம்.

பசால்ட், டோலரைட், காப்ரோ மூன்றும் அடிப்படையில் ஒரே மாக்மாவின் பிள்ளைகள். கடலில் கொட்டியது சட்டென்று உறைந்ததால் அதன் படிகங்கள் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் உறைந்ததில் கொஞ்சம் தெரியும். அடியில் மெல்ல ஆறியதில் அரிசி மணிக்கு மேலேயே பெரிதாக இருக்கும்.

8. கடலுக்கடியில இவ்வளவு எரிமலை வெடிக்குதுன்னா நமக்கு ஏன் ஒண்ணுமே தெரியல?

கடலடி மலைத்தொடர் சுமார் 65,000 கி.மீ. நீளம், பூமியில் வெளிவரும் மாக்மாவில் பெரும்பகுதி அங்கேதான் வருகிறது. ஆனால் அதன் உச்சியே சராசரியாக 2,500 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 250 மடங்கு. எரிமலை வெடிப்பது என்பது மாக்மாவில் கரைந்த வாயுக்கள் திடீரென்று விரிவதுதான். அந்த அழுத்தத்தில் அவற்றால் விரிய முடியாது. எனவே லாவா சத்தம் போடாமல் பிதுங்கி வழிந்துவிடும். அமெரிக்காவின் ஓரிகான் கரைக்கு மேற்கே உள்ள ஆக்ஸியல் என்ற கடலடி எரிமலை 2015-இல் கக்கியபோது, கடல் தரையில் கேபிள் போட்டு வைத்திருந்த கருவிகள்தான் அதைப் பதிவு செய்தன.

இன்னொன்று: புதிய மேலோட்டின் சூட்டைக் கடல்நீரே உள்ளே புகுந்து எடுத்துக்கொண்டு வருகிறது. 1977-இல் காலபகோஸ் தீவுகளுக்கு அருகே இப்படிப்பட்ட வெந்நீர் ஊற்றுகளையும் அவற்றை நம்பி வாழும் உயிர்களையும் முதன்முதலில் கண்டார்கள். 1979-இல் மெக்சிகோவுக்கு அப்பால் கிழக்குப் பசிபிக்கில், 350 டிகிரிக்கு மேல் சூடான நீர் கரும்புகை போலக் கக்கும் ஊற்றுகளைக் கண்டார்கள். 350 டிகிரியில் தண்ணீர் ஏன் கொதிக்கவில்லை என்று கேட்காதீர்கள். 4-ஆம் கேள்வியின் குக்கர்தான்.

9. யாராவது துளை போட்டு கவசம் வரைக்கும் போயிருக்காங்களா?

மேலோடு முழுவதையும் துளைத்துக் கவசத்தைத் தொட்டவர்கள் இன்றுவரை யாருமில்லை. முயற்சி பழையது. 1961-இல் அமெரிக்கர்கள் மெக்சிகோவின் குவாதலூப் தீவருகே, 3,500 மீட்டர் ஆழக் கடலில், தரைக்குக் கீழே 183 மீட்டர் துளைத்தார்கள். கடைசிச் சில மீட்டர்களில் பசால்ட் கிடைத்தது. மோஹோல் என்ற அந்தத் திட்டத்துக்கு 1966-இல் நிதி நின்றுபோனது. நின்றாலும், நங்கூரம் போட முடியாத ஆழத்தில் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தித் துளையிடும் வித்தை அங்கேதான் பிறந்தது. எண்ணெய்க் கம்பெனிகள் இன்றும் அதில் சம்பாதிக்கின்றன.

2005-இல் கிழக்குப் பசிபிக்கில் 1256டி என்ற துளை, தலையணை லாவாவையும் டைக்குகளையும் தாண்டி, 1,400 மீட்டருக்குக் கீழே காப்ரோவைத் தொட்டது. 7-ஆம் பதிலில் சொன்ன வரிசை சரி என்பதற்கு நேரடிச் சாட்சி அது. 2023-இல் அட்லாண்டிக்கில் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் கவசப் பாறைக்குள்ளேயே 1,268 மீட்டர் துளைத்தது. செய்தித்தாள்கள் "கவசத்தை எட்டிவிட்டார்கள்" என்று எழுதின. அது பாதி உண்மை. அட்லாண்டிஸ் மாசிஃப் என்ற அந்த இடத்தில் பிளவுப்பெயர்ச்சி (பாறை பிளந்து நழுவுவது) கவசப் பாறையைக் கடல் தரைக்கே இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. மேலோட்டை அவர்கள் துளைக்க வேண்டியிருக்கவில்லை.

துளை எதற்கு, நடந்தே பார்க்கலாம் என்பவர்களுக்கு ஓமனும் சைப்ரஸின் ட்ரூடோஸ் மலையும் இருக்கின்றன. தட்டுகள் மோதியபோது பழைய கடல் தரை அப்படியே நிலத்தின்மேல் ஏறி உட்கார்ந்த இடங்கள் இவை. காலையில் தலையணை லாவாவில் தொடங்கினால் மாலைக்குள் கவசத்தில் நிற்கலாம்.

10. கடல் தரை விரியுதுன்னு எப்படி நிரூபிச்சாங்க? யாரும் பக்கத்துல நின்னு அளக்கலையே?

இதற்கான ஆதாரம் நம் அரபிக்கடல் பக்கத்திலிருந்துதான் வந்தது என்பது ஏனோ நம் பாடப்புத்தகங்களில் இருப்பதில்லை.

1950-களில் மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண், கப்பல்கள் கொண்டுவந்த ஆழ அளவுகளை வைத்து அட்லாண்டிக் தரையை வரைந்தபோது, மலைத்தொடரின் நடுவே நீளமாக ஒரு பள்ளத்தாக்கு ஓடுவதைக் கண்டார். அவர் சொன்னதை முதலில் உடன் வேலை செய்தவரே தள்ளிவிட்டார். 1962-இல் ஹாரி ஹெஸ், புதிய தரை அங்கே பிறந்து இருபுறமும் விலகுகிறது என்று எழுதினார். அதே ஆண்டு ஓவன் என்ற பிரிட்டிஷ் கப்பல், சோமாலியாவுக்கும் இந்தியாவுக்கும் நடுவே கிடக்கும் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் மேல் போய்க் காந்த அளவீடு எடுத்தது. (ஆமாம், பீருக்குப் பேர்போன அதே கார்ல்ஸ்பெர்க், அந்த அறக்கட்டளைதான் 1928-30 ஆய்வுப் பயணத்துக்குப் பணம் கொடுத்தது.)

பசால்ட் ஆறும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அன்றைய காந்தப்புலத்தின் திசையைப் பதிந்து வைத்துக்கொள்ளும். பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது தலைகீழாகும். தரை நடுவில் பிறந்து இருபக்கமும் விலகுகிறது என்றால், மலைத்தொடருக்கு இணையாக நேர், எதிர் என்று மாறி மாறிப் பட்டைகள் இருக்க வேண்டும், அதுவும் இருபக்கமும் ஒரே மாதிரி. கேம்பிரிட்ஜின் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் இந்தக் கருத்தை 1963-இல் வெளியிட்டார்கள். கனடாவின் லாரன்ஸ் மார்லி தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். அவர் கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பிவிட்டன. இன்று ஜி.பி.எஸ். கருவிகளால் தட்டுகள் நகர்வதை நேரடியாகவே அளக்கிறோம்: அட்லாண்டிக்கில் ஆண்டுக்கு 2 முதல் 5 செ.மீ., கிழக்குப் பசிபிக்கில் வேகமான இடங்களில் 15 செ.மீ. வரை.

11. வருஷா வருஷம் புதுத் தரை வந்தா பூமி பெருசாகிட்டே போகணுமே?

வருகிற அளவுக்குப் போகவும் செய்கிறது. கடல் தரை பிறந்த இடத்திலிருந்து விலக விலகக் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்குகிறது. கடைசியில் ஏதாவது ஒரு அகழியில் வளைந்து கவசத்துக்குள் போய்விடுகிறது. அதனால்தான் பெருங்கடல்களில் உள்ள மிகப் பழைய தரையே, மேற்குப் பசிபிக்கில், சுமார் 18 கோடி ஆண்டு வயதுதான். கண்டங்களில் 400 கோடி ஆண்டுப் பாறை இருக்கிறது.

அப்படி அமிழும் ஓரங்களில் ஒன்று சுமத்ரா, அந்தமான் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் கடலூரையும் தாக்கிய சுனாமி, இந்தியப் பெருங்கடலின் தரை அங்கே கீழே போகும் எல்லையில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் வந்தது.

12. கீழ போற தட்டு சூட்டுல உருகி, அதுதான் எரிமலையா வெளிய வருது. கரெக்டா?

பல வழிகாட்டி நூல்களில் இப்படித்தான் இருக்கிறது. தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் விழும். ஆனால் நடப்பது வேறு. கடலடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த தட்டு குளிர்ந்துபோனது. அது கவசத்துக்குள் இறங்கும்போது சுற்றியுள்ள பாறையைக் குளிரவைக்குமே தவிர, தானே எளிதில் உருகாது. மிக இளம், சூடான தட்டுகள் சில இடங்களில் கொஞ்சம் உருகுவதுண்டு, அவ்வளவுதான்.

உருகுவது தட்டுக்கு மேலே இருக்கும் கவசம். கடல் தரையின் கனிமங்கள் 8-ஆம் கேள்வியில் சொன்ன நீரோட்டத்தில் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்திருக்கின்றன. ஆழம் போகப் போக அழுத்தமும் சூடும் அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். தண்ணீர் பட்ட பெரிடோடைட்டின் உருகுநிலை நூற்றுக்கணக்கான டிகிரி இறங்கிவிடும். ஆக இங்கேயும் யாரும் சூடேற்றவில்லை. முன்பு அழுத்தத்தைக் குறைத்து உருக்கினோம், இப்போது தண்ணீர் சேர்த்து உருக்குகிறோம். எரிமலைகள் பெரும்பாலும் தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டும் இடத்துக்கு மேலே வரிசையாக நிற்பது இதனால்தான்.

இப்படிப் பிறக்கும் மாக்மாவில் தண்ணீர் கூடுதல். எனவே கடலடி மலைத்தொடர் போலச் சாதுவாக வழியாது, வெடிக்கும். இந்தோனேசியா முழுக்க இந்தக் கதை. அதே வரிசையின் வடக்கு வால்தான் அந்தமானின் பாரன் தீவு. 1787-இல் முதலில் பதிவாகி, நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்து, 1991-இல் மறுபடி விழித்துக்கொண்டது.

13. ஹவாய் எந்தத் தட்டு ஓரத்துலயும் இல்லையே, அங்க எப்படி?

சில இடங்களில் சராசரியைவிடச் சூடான கவசம் ஆழத்திலிருந்து தூண்போல எழுகிறது. சூடு கூடுதல் என்பதால் இன்னும் ஆழத்திலேயே உருகத் தொடங்கிவிடும். உருக்கும் முறை 4-ஆம் பதிலில் சொன்னதேதான். தட்டு அதற்கு மேலே நகர்ந்துகொண்டே போவதால் எரிமலைத் தீவுகள் சங்கிலியாக வரும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் தக்காணம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா இப்படி ஒரு தூணின் மேல் வந்தபோது கொட்டிய லாவா இன்றும் ஐந்து லட்சம் சதுர கி.மீ. பரப்பில் இருக்கிறது. பிறகு இந்தியா வடக்கே நகர, லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று கடலடியில் தடம் நீண்டது. அந்தத் தூண் இப்போது ரீயூனியன் தீவின் கீழ் இருக்கிறது. பல தலைமுறைகளுக்கு முன் கரும்புத் தோட்ட வேலைக்குப் போன தமிழர்களின் வம்சாவளியினர் வாழும் அதே ரீயூனியன்தான். அங்குள்ள பித்தோன் த லா ஃபுர்னேஸ் என்ற எரிமலை அடிக்கடி லாவா கக்குகிறது.

14. நம்ம ஊரு கருங்கல்லும் எரிமலைக் கல்லுதானே? கறுப்பா இருக்கே.

பெரும்பாலும் இல்லை. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் இருப்பது சார்னோகைட். கண்ட மேலோட்டின் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. மேலே இருந்தவை அரிக்கப்பட்டு இப்போது நம் காலடியில் கிடக்கிறது. தமிழ்நாட்டின் மற்றக் குன்றுகளில் நைஸ், கிரானைட் வகைகள் ஏராளம். எரிமலைக் கல்லைக் குடைந்த கோயில் பார்க்க வேண்டுமென்றால் எல்லோராவுக்கோ அஜந்தாவுக்கோ போக வேண்டும். அவை தக்காண பசால்ட். மாமல்லபுரம் அப்படியல்ல.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. கிரானைட் கடையில் "பிளாக் கிரானைட்" என்று விற்கும் கல் கிரானைட்டே அல்ல. அது பெரும்பாலும் டோலரைட் அல்லது காப்ரோ. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழைய பாறைகளை வெட்டிக்கொண்டு ஓடும் டைக்குகள் இந்த வகைதான்; கவசம் உருகி வந்த மாக்மா கண்டத்தின் விரிசல்களில் உறைந்தது. உங்கள் சமையலறை மேடை பளபளக்கும் கறுப்பு என்றால், கவசத்தின் பேரப்பிள்ளை மேல்தான் காய் நறுக்குகிறீர்கள்.

15. ராமேஸ்வரத்துல மிதக்குற கல் காட்டுறாங்களே, அது எரிமலையிலருந்து வந்ததா?

ராமேஸ்வரத்தில் எரிமலை கிடையாது. மிதக்கும் கல் என்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று நுரைக்கல்: வாயு நிறைந்த மாக்மா நுரைத்தபடியே உறைந்தது, கடலில் ஆயிரக்கணக்கான கி.மீ. மிதந்து போகக்கூடியது. இன்னொன்று, உள்ளே காற்றறைகள் நிறைந்த காய்ந்த பவளக்கல். எந்தக் கல் எது என்பதைக் கையில் வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தால் சொல்லிவிடலாம். போட்டோ அனுப்பினால் சொல்ல முடியாது. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

16. வங்கக் கடலுக்கு அடியிலயும் இந்தக் கடலடி மேலோடு இருக்கா?

இருக்கிறது. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்து, சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் விலகத் தொடங்கியபோது பிறந்த தரை. ஆனால் பார்க்க முடியாது. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையை அரித்துக் கொண்டுவந்து கொட்டிய படிவு அதன் மேல் கிடக்கிறது, வடக்கே 15 கி.மீ.க்கும் மேல் கனமாக. மேலோட்டைவிட அதன் மேல் விழுந்த மண் இரண்டு மடங்கு.

17. எல்லாக் கடல்லயும் 6, 7 கி.மீ.தான்னு சொன்னீங்க. ஐஸ்லாந்துல 30 கி.மீ.ன்னு எங்கேயோ படிச்சேனே?

நல்ல பிடி. 5-ஆம் பதிலின் கணக்கு சராசரிக் கவசத்துக்குத்தான். ஐஸ்லாந்தின் கீழே மலைத்தொடரும் சூடான தூணும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டன. உருகும் உயரமும் கூடும், உருகும் பங்கும் கூடும். அதனால் மேலோடு 25 கி.மீ.க்கு மேல் தடித்து, கடலுக்கு வெளியே தலை நீட்டியிருக்கிறது.

எதிர்முனையும் உண்டு. ஆர்க்டிக்கின் காக்கெல் மலைத்தொடர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் விரிகிறது. தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மலைத்தொடரும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவ்வளவு மெதுவாக ஏறும் கவசம் வழியிலேயே மேலிருந்து குளிர்ந்துவிடும், உருகுவது குறையும். சில பகுதிகளில் பசால்ட்டே இல்லாமல் கவசப் பாறை நேராகக் கடல் தரையில் கிடக்கிறது, கடல்நீர் பட்டுச் செர்பென்டைன் என்ற கனிமமாக மாறி. 7-ஆம் பதிலின் அடுக்கு வரிசையை எல்லா இடத்துக்கும் பொருத்தக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

18. இப்படி உருகி உருகி வெளிய வந்துட்டே இருந்தா கவசம் ஒருநாள் தீர்ந்துடாதா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65,000 கி.மீ. நீளம், 6 கி.மீ. தடிமன், ஆண்டுக்குச் சராசரி 5 செ.மீ.: புதிய மேலோடு ஆண்டுக்கு ஏறக்குறைய 20 கன கி.மீ. பத்தில் ஒரு பங்கு உருகியது என்றால் 200 கன கி.மீ. கவசம் உருகல் பகுதி வழியாகப் போய் வந்திருக்கிறது. கவசத்தின் மொத்தப் பருமன் சுமார் 90,000 கோடி கன கி.மீ. வகுத்தால் 450 கோடி ஆண்டு வருகிறது, கிட்டத்தட்ட பூமியின் வயது. இன்றைய வேகத்தில் முழுக் கவசமும் ஒரு சுற்று போய்வரவே அவ்வளவு காலம் பிடிக்கும். தவிர, வெளியே வந்தது 11-ஆம் பதிலில் சொன்னபடி திரும்ப உள்ளே போய்க் கலக்கவும் செய்கிறது.

பழைய காலத்தில் வேகம் இதே இல்லை. கவசம் அன்று இன்னும் சூடாக இருந்தது. தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பகுதியில் சுமார் 350 கோடி ஆண்டுப் பழைய கோமாட்டியைட் என்ற லாவாப் பாறை இருக்கிறது. அதில் மக்னீசியம் பசால்ட்டைவிடப் பல மடங்கு. அது 1,600 டிகிரியை ஒட்டிய சூட்டில் வழிந்திருக்க வேண்டும். இன்று எந்த எரிமலையும் அப்படிக் கக்குவதில்லை. பசால்ட் லாவா 1,200 டிகிரிதான்.

19. கிரானைட், ரயோலைட் எல்லாம் இந்தக் கணக்குல எங்க வருது?

சிலிகா மிகுந்த இந்தப் பாறைகள் கவசத்திலிருந்து நேராக வராது. பசால்ட் மாக்மா அறையில் ஆறும்போது ஒலிவின், பைராக்சின் முதலில் படிந்து பிரிந்துவிட, மிஞ்சும் திரவத்தில் சிலிகா ஏறிக்கொண்டே போகும்; கடைசியில் ரயோலைட் அளவுக்கு வரலாம். அல்லது சூடான பசால்ட் மாக்மா கண்ட மேலோட்டின் அடியில் தங்கி அதையே உருக்கிவிடும். இங்கேதான், ஒருவழியாக, நீங்கள் முதலில் நினைத்தபடி சூடேற்றி உருக்குவது நடக்கிறது.

20. இதெல்லாம் நேர்ல பார்க்கணும்னா இந்தியாவுல எங்க போகலாம்?

பாரன் தீவில் இறங்க அனுமதி கிடைக்காது; கப்பலில் தூரத்திலிருந்து பார்க்கலாம். லாவா அடுக்குகள் பார்க்க மகாபலேஷ்வர் மலைப்பாதை போதும்: ஒன்றன்மேல் ஒன்றாகப் படிப்படியாக நிற்கும். செலவு குறைவாக வேண்டுமென்றால் உடுப்பிக்கு ரயில் ஏறி, மால்பேயிலிருந்து படகில் செயின்ட் மேரீஸ் தீவுகளுக்குப் போங்கள். மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்து, சுமார் 9 கோடி ஆண்டுப் பழைய லாவா அங்கே அறுகோணத் தூண்களாக நிற்கிறது. பசால்ட் அல்ல, சிலிகா கூடிய வகை. 19-ஆம் பதிலைப் படித்துவிட்டுப் போனால் புரியும். மழைக்காலத்தில் படகு ஓடாது. தேசிய நிலவியல் சின்னம் என்பதால் சுத்தியல் கொண்டுபோக வேண்டாம்.